பித்தளை அண்டாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கணவரும் கோத்தகிரி பக்கம் ஒரு பழைய காட்டேஜ் வாங்கிக் கடந்த ஏப்ரலில் குடிவந்தோம். தகரக் கூரை, மரத் தரை, கணப்பு உள்ள ஹால், இரண்டு படுக்கையறை. சரிவில் மூன்று தட்டாகத் தோட்டம். வீட்டுக்கு ஏற்ற மாதிரி பழைய பொருட்களாகவே வைத்து அலங்கரிக்க ஆசை. புதுக்கோட்டையிலிருந்து மாமியார் வீட்டுப் பித்தளை அண்டா, தாம்பாளங்கள், செம்பு பாய்லர், தேக்கு அலமாரி எல்லாம் வந்துவிட்டன. அவுட்ஹவுசில் நான்கு டீப்பெட்டிகள் கிடந்தன. காரைக்குடிக்கும் கோவை உக்கடத்துக்கும் போய் இன்னும் நிறைய வாங்கினேன். இப்போது ஹாலில் நடக்க இடமில்லை. "காயலான் கடையில் குடித்தனம் நடத்துகிறோம்" என்கிறார் கணவர். மழை முடிந்து பார்த்தால் அலமாரி இழுப்பறை திறக்கவில்லை, சுவரில் மாட்டிய படங்களில் பூஞ்சை. கணப்புக்கு மேல் மாட்ட ஒரு வியாபாரி மான் கொம்பு தருவதாகச் சொல்கிறார். தோட்டத்து மூலையில் உருவம் செதுக்கிய பலகைக்கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. அதை நிமிர்த்தி நீரூற்று அமைக்கலாமா? கையில் இன்னும் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

— வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹால் படத்தில் மட்டும் பித்தளையும் செம்புமாக இருபத்தாறு பாத்திரங்களை எண்ணினேன். எல்லாம் நல்ல பொருட்கள். ஆனால் ஒன்றுகூடக் கண்ணில் நிற்கவில்லை. அப்புறம் சமையலறைப் படத்துக்கு வந்தேன். அடுப்புக்கு வலது பக்கம் ஒரு பித்தளைப் படி. அதில் மூன்று மரக் கரண்டி, ஒரு மத்து. கை பட்டுப் பட்டு விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. அந்தப் படி உங்கள் வீட்டில் குடியிருக்கிறது. ஹாலில் இருப்பவையெல்லாம் லாரியிலிருந்து இறங்கியபடியே நிற்கின்றன.

உங்கள் கணவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். கடையில் எந்தப் பொருளுக்கும் வேலை கிடையாது. விலை போகும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டில் அப்படி உட்கார விடக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகக் குன்னூரிலும் ஊட்டியிலும் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து உள் அலங்காரம் செய்து கொடுக்கிறேன். எந்தப் பழைய பொருளைக் கையில் எடுத்தாலும் அதற்கு இந்த வீட்டில் என்ன வேலை என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வேன். பதில் கிடைக்காவிட்டால் வாங்குவதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளுக்கு நாம்தான் வேலை தேடித் தர வேண்டும். கிடைக்காவிட்டால், அதற்கு வேலை இருக்கிற வேறொரு வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

அதற்கு முன் அவசரமான இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

மான் கொம்பை வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "காட்டில் தானாக உதிர்ந்ததுதான் அம்மா" என்பார்கள். உதிர்ந்த கொம்புக்கும் அதே சட்டம்தான். "எங்கள் தாத்தா காலத்துச் சொத்து" என்று இன்னொருவர் காட்டெருமைத் தலையைக் கொண்டுவருவார். உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருக்கவே முடியாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், காலையில் தேயிலைச் சரிவில் உயிரோடு காட்டெருமை மேய்வதைப் பார்க்கிற ஊரில் சுவரில் ஏன் ஒரு மண்டை ஓடு?

அடுத்தது அந்தப் பலகைக்கல். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். படத்தில் மேல் பக்கம் மட்டும்தான் தெரிகிறது. ஆனால் வில் ஏந்திய ஆள் போல ஒன்றும், கீழே கால்நடை போல ஒன்றும் எனக்குத் தெரிகின்றன. அது நடுகல்லாக இருக்கலாம். நீலகிரியில் கற்திட்டைகளும் வீரர் கற்களும் பல இடங்களில் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் இங்குள்ள ஈமச் சின்னங்களைத் தோண்டி ஆராய்ந்து எழுதிய நூல் 1873-இல் வெளிவந்தது. அப்போது தோண்டி எடுத்தவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மண்ணில் மிச்சமிருப்பதையாவது இருக்கிற இடத்தில் விடுவோம். பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்; யாராவது வருடத்தில் ஒரு நாள் வந்து அதற்கு விளக்கு வைக்கிறார்களோ என்னவோ. கிராம நிர்வாக அலுவலர் மூலம் தொல்லியல் துறைக்கும் தெரிவித்துவிடுங்கள். அதன் மேல் நீரைப் பாய்ச்சினால் செதுக்கு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். நீரூற்றுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

காரைக்குடியில் வாங்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பகல் முழுக்கச் சுற்றலாம். எனக்கும் அங்கே போனால் நேரம் போவது தெரியாது. பாத்திரம், பீங்கான், எனாமல், கண்ணாடி எல்லாம் மனம்போல வாங்குங்கள். சாமி சிலை, கோயில் தேரிலிருந்து வந்த மரச் சிற்பம், ஓலைச்சுவடி என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். 100 ஆண்டு கடந்த கலைப்பொருட்களும் 75 ஆண்டு கடந்த சுவடிகளும் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதுவும் 1972-இல் வந்த சட்டம்தான். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்ய முடியாது.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் இழுப்பறைக்கும் படங்களுக்கும் வந்த நோய் ஒன்றேதான். ஈரம்.

கோத்தகிரி மலையின் கிழக்கு முகத்தில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழை உங்களுக்குத்தான் அதிகம். புதுக்கோட்டை வெயிலில் அறுபது எழுபது வருடம் காய்ந்த தேக்கு முதல்முறையாக இந்த மழையைக் குடித்திருக்கிறது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக ஊதாது, அகலவாக்கில்தான் ஊதும். அதனால்தான் கதவு திறக்கிறது, இழுப்பறை மட்டும் சிக்குகிறது. தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லத் தோன்றும். வேண்டாம், பிப்ரவரி வரை பொறுங்கள். பனியும் வெயிலுமாக இரண்டு மாதம் போனால் மரம் தானாக இறுகி இழுப்பறை வழிவிடும். அப்போது வெளியே எடுத்து, ஓடும் தண்டுகளில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்து உள்ளே தள்ளுங்கள். அடுத்த மழையிலும் சிக்கினால் அப்போது அரை மில்லிமீட்டர் இழைத்துக்கொள்ளலாம். இப்போதே இழைத்தால் கோடையில் இழுப்பறை லொடலொடவென்று ஆடும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நான்கு விரல்கடை முன்னால் இழுங்கள். கால்களுக்கு அடியில் ஒரு துண்டு கல்லோ ஓடோ கொடுங்கள். பின்பலகையில் காற்று ஓடினால் பாதி நோய் போய்விடும். உக்கடத்தில் வாங்கிய அந்தப் பச்சை வலை பீரோவைப் பற்றி எனக்கு வேறொரு கவலை. அதன் காலில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் தெரிகின்றன. ஒரு வெள்ளைத் தாளை அடியில் விரித்து, கையால் நாலு தட்டுத் தட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். மாவு போல வெளிர் நிறப் பொடி விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. உடனே வெளியே தூக்கி வையுங்கள், மருந்தடித்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். உங்கள் வீட்டுத் தரை மரத் தரை. வண்டுக்குப் பீரோ, தரை என்ற வேறுபாடெல்லாம் தெரியாது.

அதே பீரோவின் பச்சை பெயின்ட் உரிந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்ட்களில் காரீயம் கலப்பது வழக்கமாக இருந்தது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நீர் நனைத்துத் தேய்க்கும் தாள், முகக்கவசம், திறந்த வெளி. பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் அந்த வேலையே வேண்டாம். உண்மையில் எனக்கு அந்த உரிந்த பச்சையும் அதற்குள் எட்டிப்பார்க்கும் நீலமும் பிடித்திருக்கிறது. உதிர்கிற சில்லுகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மேலே நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

சுவர்தான் முக்கியம். படங்களில் தெரிகிற கொப்புளங்களைப் பார்த்தால், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ பிளாஸ்டிக் எமல்ஷன் பூசியிருக்கிறார்கள். கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவர் மழையில் ஈரம் இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் தோல் போட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அது கொப்புளமாகி வெடிக்கிறது, படங்களின் பின்பக்கம் போய் பூஞ்சையாகிறது. ஹால், படுக்கையறை இரண்டிலும் வெளிச்சுவர்களின் எமல்ஷனைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வச்சிரப் பசையும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து மெல்லிசாக மூன்று கை. நம் பாட்டிமார் பொங்கலுக்கு முன் செய்ததுதான். இந்தச் சுவருக்கு முன்னால் பித்தளை நிற்கும்போது எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு நிறம் கேட்க மாட்டீர்கள். நேரம் கிடைத்தால் பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களாவுக்குப் போய்ப் பாருங்கள். 1819-இல் கோத்தகிரிக்கு வந்தவர் கட்டிய வீடு. சுவரின் கனத்தையும் ஜன்னல் வைத்த விதத்தையும் நின்று கவனியுங்கள். உங்கள் வீட்டைப் பற்றியும் நிறைய புரியும்.

படங்களை வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், அறைகளுக்கு இடையே உள்ள உட்சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் பின்பக்கமும் கீழ் மூலை இரண்டிலும் பாட்டில் கார்க்கை வட்டமாக நறுக்கி ஒட்டுங்கள், அரை அங்குல கனம் போதும். படம் சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும், பின்னால் காற்று போகும். மிக எளிய வேலை, ஆனால் நான் கைவைத்த வீடுகளில் காகிதப் படங்களைக் காப்பாற்றியது இதுதான்.

ரவிவர்மா லட்சுமி படம் அசலா என்று கேட்டிருந்தீர்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவரது அச்சகத்தில் கல்லில் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக அச்சடித்தார்கள். ஒரு பூதக்கண்ணாடியை லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கையால் தெளித்தது போல ஒழுங்கில்லாமல் இருந்தால் பழைய கல்லச்சு. தேன்கூடு போல வரிசை தவறாமல் புள்ளிகள் இருந்தால் பின்னாளைய ஆஃப்செட் நகல். நகலாக இருந்தாலும் மாட்டுங்கள், அழகுக்குக் குறையில்லை. ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த இருபத்தாறு பாத்திரங்கள்.

ஹாலை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவுட்ஹவுசுக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் வெறும் ஹாலில் இருங்கள். எந்த நாற்காலியில் யார் உட்காருகிறீர்கள், வெளிச்சம் எப்போது எங்கே விழுகிறது, சாவியை எங்கே தேடுகிறீர்கள், குடையை எங்கே சாய்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். அந்தத் தேவைகள் கேட்கிற பொருட்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிடுங்கள்.

என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன். பெரிய அண்டா கணப்புக்கு இடது பக்கம் வந்து விறகைச் சுமக்கட்டும். உழக்கும் ஆழாக்கும் எழுது மேசைக்குப் போகட்டும், பேனாவுக்கும் கத்தரிக்கோலுக்கும். கூஜா உங்கள் படுக்கையருகே ராத்திரி தண்ணீருக்கு. மான் கொம்பு வருவதாக இருந்த இடத்துக்கு மாமியார் வீட்டுப் பெரிய தாம்பாளம் வர வேண்டும். அதைச் சற்றே முன்சாய்த்து மாட்டி, அதன் கீழே கணப்புப் பலகையில் ஒரு சின்ன விளக்கு வையுங்கள். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி ஹால் இருண்டுபோகிற மாதங்களில் அந்தத் தட்டு வெளிச்சத்தைப் பிடித்து அறை முழுக்கத் திருப்பிவிடும். சம்பந்திகளுக்குப் பழமும் பூவும் ஏந்திப் போன தட்டுதானே, இப்போது வெளிச்சத்தை ஏந்தட்டும்.

எல்லாவற்றையும் பளபளவென்று வைத்திருக்க நினைத்தால் கை ஓய்ந்துவிடும். மலையின் ஈரக்காற்றில் புளி போட்டுத் தேய்த்த பித்தளை பத்து நாளில் மங்கிவிடும். தாம்பாளத்தையும் வேறு இரண்டையும் மட்டும் தேய்த்து வாருங்கள், மற்றவை தேன் நிறத்துக்கு மங்கட்டும். மங்கிய பித்தளைக்கு நடுவில்தான் மின்னுகிற ஒன்று எடுபடும். சமைப்பதாக இருந்தால் ஈயம் பூசிய பிறகுதான். பூசாத பித்தளையில் புளிக்குழம்பும் மோரும் ஆகாது.

செம்பு பாய்லரின் அடியில் ஓட்டை போட்டு பெரணி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். குன்னூருக்கு வந்த புதிதில் என் பாட்டியின் செம்புத் தவலையில் நானே துளை போட்டேன். எவர்சில்வர் வருவதற்கு முன் மூன்று தலைமுறை தண்ணீர் சுமந்த தவலை. துளைக்கருவி இறங்கும்போது சுருள் சுருளாகச் சிவப்புச் செம்பு வந்தது. பெரணி நாலு மாதத்தில் கருகிவிட்டது. செம்பு வேருக்கு ஆகாது என்பதும், நம் மலையின் புளிப்பு மண்ணில் அது இன்னும் அதிகமாகக் கரையும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தவலை இன்றும் என்னிடம் இருக்கிறது, அதில் தண்ணீர் நிற்காது. அதன் பிறகு நல்ல பாத்திரம் எதிலும் நான் துளை போட்டதில்லை. செடி வைத்தே ஆக வேண்டுமென்றால் மண் தொட்டியில் வைத்து, அந்தத் தொட்டியை உள்ளே இறக்குங்கள். ஆனால் உங்கள் பாய்லருக்கு அதுகூட வேண்டாம். நடுக்குழாயும் குழாய்த்திருகும் நன்றாக இருக்கின்றன. ஒரு பாத்திரக்காரரிடம் கொடுத்து ஒழுகலை அடைத்து, பின்கட்டுத் திறந்த தாழ்வாரத்தில் வையுங்கள். டிசம்பர் காலையில் கரி போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளித்துப் பாருங்கள். கோத்தகிரியில் அந்தப் பாய்லருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

கரி என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் வாங்கிய இரும்புக் குமுட்டியைப் படுக்கையறையில் குளிர்காய வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி பலமுறை வந்திருக்கிறது. குமுட்டி வெளித்திண்ணைக்கு, சோளம் சுட. ஹால் கணப்பையும் புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் மூட்டாதீர்கள். பறவைக் கூடு அடைத்திருந்தாலும் இதே ஆபத்துதான். ஆளிவிதை எண்ணெய் போட்டு அலமாரியைத் துடைப்பீர்கள் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பழைய மேசை விளக்குகளுக்கு உள்ளே இருக்கிற துணி சுற்றிய வயரை மாற்றிவிட்டுத்தான் பிளக்கில் சொருக வேண்டும்.

டீப்பெட்டிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். காரைக்குடியிலிருந்து வந்ததெல்லாம் விருந்தாளி, இவைதான் இந்த மண்ணின் பிள்ளைகள். காகிதச் சாக்கு வருவதற்கு முன் இந்த மலையின் தேயிலை முழுக்க இந்தப் பலகைப் பெட்டியில்தான் இறங்கியது. முதலில் விளிம்பில் அடித்த தகரப் பட்டையைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கிற முனைகளைக் குறட்டால் மடக்கி, துருப்பிடித்த ஆணிகளைத் தட்டி உட்காரவையுங்கள், கை கிழிந்துவிடும். உள்ளே ஒட்டிய தாளைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிசாகச் சரசரத்தால் அலுமினியம், இருக்கட்டும். கனமாக, மங்கிய சாம்பல் நிறத்தில், நகம் பட்டால் பள்ளம் விழுந்தால் பழைய காரீயத் தாள். கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் இத்தனை வருடம் கழித்தும் ஒரு வாசம் வருகிறதா? என் வீட்டுப் பெட்டியில் இன்னும் வருகிறது. அதனால்தான் அதில் கம்பளி வைத்திருக்கிறேன். இரண்டைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை ஜன்னலடியில் வைத்து மேலே மெத்தை தைத்துப் போட்டால் உட்கார இடமாகும். தோட்ட எண்ணும் தேயிலையின் தரமும் அச்சடித்த பக்கம் அறையைப் பார்த்து இருக்கட்டும், அதன் மேல் எதுவும் பூசாதீர்கள்.

அந்த மெத்தைக்கு மேல் போட யாரிடமாவது பழைய புத்துக்குளி, அதாவது நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போர்த்தும் சால்வை, கிடைக்குமா என்று தேட வேண்டாம். அது அவர்கள் வாழ்விலும் சாவிலும் உடுத்துகிற துணி. ஒரு குடும்பத்தின் பழைய சால்வை எப்படிச் சந்தைக்கு வந்தது என்று நமக்குத் தெரியாது. தோடர் பெண்கள் இன்றும் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. புதிதாக ஒன்று சொல்லித் தைத்து வாங்குங்கள், கேட்கிற விலையைக் கொடுங்கள். முப்பது வருடத்தில் அது உங்கள் வீட்டுப் பழைய பொருளாகிவிடும்.

தோட்டத்துக்குக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் மேல் தட்டு ஏற்கெனவே அழகாக இருக்கிறது. நீரூற்று ஆசைக்கு அந்த ஆட்டுக்கல் போதும். குழவியை எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். குழியில் கூழாங்கல் நிரப்பி மேலே இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீர் நிற்கட்டும், அப்போதுதான் சின்னப் பறவை பயமில்லாமல் இறங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் வேண்டும், அதற்கு நேரம் கொடுக்கக் கூடாது. அவுட்ஹவுஸ் கூரையிலிருந்து இறக்கிய மங்களூர் ஓடுகளை எறிந்துவிடாதீர்கள். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழி வந்தவை. ஒவ்வொன்றிலும் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாத்தி விளிம்பில் பாதி புதைத்து, எழுத்துப் பக்கம் பாதையைப் பார்க்க நடுங்கள். வண்டிச் சக்கரத்தை நேராக மண்ணில் நிறுத்தினால் இரண்டு மழையில் அடி உளுத்துவிடும், இரண்டு கல் மேல் ஏற்றுங்கள். பழைய ரயில் கட்டைகள் வாங்கினால் காய்கறிப் பாத்திக்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் ஊறிய தார் எண்ணெய் மண்ணில் இறங்கும்.

ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கத் துருப்பிடித்த ஆணி புதைக்கச் சொன்னார்களா? நீலத்துக்குக் காரணம் இரும்பு இல்லை, அலுமினியம். புளிப்பு மண்ணில் அது தானாகவே செடிக்குக் கிடைக்கும், நம் மலை மண்ணே போதும். சிமென்ட் சுவரோரம் வைத்த செடி இளஞ்சிவப்பாகப் பூத்தால் அங்கே சுண்ணாம்பு கசிகிறது என்று அர்த்தம். உண்ணிச்செடியையும் மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூமையும் மட்டும் அழகுக்காக வைத்துவிடாதீர்கள். இரண்டும் தோட்டச் செடியாக வந்து காட்டைப் பிடித்தவை.

கீழ்த் தட்டு வழியாகக் காட்டெருமை வருகிறது என்று சொன்னீர்கள். அந்தப் பக்கம் கம்பிச் சுருள், தொங்கும் கயிறு, வளையம், கூரான இரும்பு எதுவும் வேண்டாம். கொம்பில் மாட்டினால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. கல்விளக்கில் எண்ணெய் ஊற்றி இரவில் வெளியே விடாதீர்கள். விளக்கெண்ணெய்க்காகக் கோயிலுக்குள்ளேயே கரடி புகுந்த ஊர் இது. கல்விளக்கு வாசலில் அழகாகத்தான் இருக்கிறது. கார்த்திகை அன்று ஏற்றிவிட்டுப் படுக்கும்முன் துடைத்துவிடுங்கள்.

பணம். ஒரு லட்சத்தில் முதல் பங்கு சுவருக்கும் கூரை ஒழுகலுக்கும் வயரிங்குக்கும். எனக்குத் தெரிந்து அதுவே பாதிக்கு மேல் போகும். அடுத்தது நல்ல தச்சருக்கும் பாத்திரக்காரருக்கும் கூலி. பேரம் பேசாமல் கொடுங்கள், இந்தக் கை வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். ஒரு வருடம் எதுவும் வாங்க வேண்டாம். கூடத்தில் திரும்ப இடம் கிடைக்காத பாத்திரங்களை மகளுக்கும் மருமகளுக்கும் காட்டி, எது வேண்டும் என்று அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

அவுட்ஹவுசுக்கு அனுப்பும்போது அந்தச் சமையலறைப் படியை மட்டும் தவறிக்கூடச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். அதை எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாமியார் கையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.